படத்துக்குக் கன்னம் எது?

ஒரு ஊர்ல ஒரு... இரு, அந்தக் காலத் தூக்கி எம்மேல போடாத, முட்டி வலிக்குது. ம், அப்படித் திரும்பிப் படு. தண்ணி குடிச்சாச்சா? ஒண்ணுக்குப் போயாச்சா? நடுவுல எந்திரிச்சா கதை அங்கேயே நின்னுடும், சொல்லிட்டேன். பெரியம்மா சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும் பவளம். "ம்" வரலன்னா நான் பாட்டுக்கு விளக்க அணைச்சுட்டுப் போயிடுவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் இடுப்புல மை டப்பா வச்சிருந்தாங்களாம். ஊரு பேரு மைப்பட்டி. ஆம்பளை, பொம்பளை, பூசாரி, பொடிசு, எல்லாரு இடுப்புலயும் ஆளுக்கு ஒரு டப்பா. எதுக்குன்னு கேளு.

"எதுக்கு?"

திருஷ்டிக்கு! அந்த ஊருக்காரங்களுக்குப் பேய்னா பயம் கிடையாது, பாம்புன்னா பயம் கிடையாது, கண்ணு பட்டுடும்ங்கற பயம் மட்டும்தான். நல்லா இருக்கற மாதிரி எது தெரிஞ்சாலும் உடனே டப்பாவத் தொறந்து, விரல்ல மையத் தொட்டு, "டப்"புன்னு ஒரு பொட்டு. கன்னுக்குட்டிக்குப் பொட்டு. பூசணிக்காய்க்குப் பொட்டு. இட்லி மெத்துன்னு வந்துச்சுன்னா இட்லிக்கும் பொட்டு. அதத் தின்னுட்டு ஊரே கருப்பு நாக்கோட திரியும்.

"உவ்வே."

உவ்வேதான். கேளு. அந்த ஊரு நாட்டாமை ஏகாம்பரம். அவருக்கு மீசைன்னா மீசை, இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும். அதுக்கும் பொட்டு வச்சாரு. கருப்பு மீசையில கருப்புப் பொட்டு வச்சா யாருக்குத் தெரியும்? அதனால அவரு மட்டும் சுண்ணாம்பத் தொட்டு மீசையில வெள்ளைப் பொட்டு வச்சுக்குவாரு. பாக்கறவங்க, நாட்டாமை தயிர்சோறு தின்னுட்டு வாயத் தொடைக்கலன்னு நினைச்சுக்குவாங்க.

அந்த ஊர்ல வாயத் தொறந்து "நல்லாருக்கு"ன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. கொழந்தை பொறந்தா பாக்க வர்றவங்க, "ஐயே, என்னடி இது, வதங்குன கத்திரிக்கா மாதிரி பெத்து வச்சிருக்க?"ன்னுவாங்க. பெத்தவளுக்கு அப்படியே உச்சி குளுந்துடும். ஒரு தடவ ஒரு கல்யாணம். பொண்ணு அழகா இருக்கான்னு வந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு பொட்டு வச்சதுல முகமே தெரியாமப் போயிடுச்சு. மாப்பிள்ளை பக்கத்துல நின்ன பொண்ணோட அத்தை கழுத்துல தாலி கட்டப் போயிட்டான். நல்லவேளை, அத்தை கத்திட்டாங்க.

இன்னொண்ணு. கண்ணு பட்டுடும்னு பயந்து எதையும் ஒரு சிமிட்டலுக்கு மேல பாக்கவே மாட்டாங்க. டபக்குன்னு பாத்து டபக்குன்னு திரும்பிக்குவாங்க. அதனால தெருவுல ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டிக்கிட்டே போவாங்க. மடார். மடார். "யாரு, சித்தப்பாவா?" "ஆமா, நீ யாரு?" அப்படி.

அப்படிப்பட்ட ஊர்ல தையல்நாயகின்னு ஒருத்தி இருந்தா. வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கறதுதான் அவளுக்கு வேலை. முப்பது வயசு இருக்கும். எல்லாத்துலயும் நல்லவ. ஆனா ஒரே ஒரு கெட்ட பழக்கம்.

"திருடுவாளா?"

சீச்சீ. உத்து உத்துப் பாப்பா! ஒரு பொருளப் பாத்தா நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. கொடியில சேலை காயுதுன்னு வச்சுக்க, நீயும் நானும் என்ன செய்வோம், காஞ்சுதான்னு தொட்டுப் பாத்துட்டுப் போவோம். அவ அப்படி இல்ல. காத்துல அது எப்படி உப்புது, வெயிலு அதுக்குள்ள எப்படிப் பூந்து வருது, தரையில விழற நிழல் ஏன் லேசா மஞ்சளா இருக்குன்னு ஒரு நாழி நின்னு பாப்பா. அப்புறம் வீட்டுக்குப் போயி, ஆட்டு முடிய மூங்கில் குச்சியில கட்டி வச்சிருந்தா பாரு ஒரு தூரிகை, அத எடுத்து, பானை மேல, முறத்து மேல, எது கிடைக்குதோ அது மேல வரைவா. யாருக்கும் காட்ட மாட்டா.

அப்போ ஒரு நாளு சேலைக்காரி நாட்டாமைகிட்டப் போயிட்டா. "ஐயா, அந்தப் பொம்பளை பாத்துப் பாத்தே எஞ்சேலை சாயம் போயிடுச்சு!" உடனே இன்னொருத்தி, "என் அப்பளத்தப் பாத்தா, நமுத்துப் போச்சு!" இன்னொருத்தன், "எங்க வீட்டுக் கூரைய அண்ணாந்து பாத்தா, அன்னைக்கே மழை வந்துச்சு!" ஊரு கூடிடுச்சு. கூடறதுன்னா சாவடியில, எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம, ஆளுக்கொரு பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு.

நாட்டாமை தூணப் பாத்துக்கிட்டே கேட்டாரு. "ஏம்மா தையல்நாயகி, எதுக்கு இப்படி உத்து உத்துப் பாக்கற?"

"வரையறதுக்குங்க."

"எதுக்கு வரையற?"

"நல்லாப் பாக்கறதுக்குங்க."

நாட்டாமைக்குத் தலை சுத்திடுச்சு. "பாக்கறது வரையறதுக்கு, வரையறது பாக்கறதுக்கா? இது என்ன செக்குமாட்டுக் கதையா இருக்கு? வரைஞ்சு என்ன பிரயோசனம்?"

பாவம், பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்றவ அவ. "தெரியலைங்க. ஆனா பாக்காம இருக்க என்னால முடியாதுங்க"ன்னா. சொல்லும்போதே அழுதுட்டா.

நாட்டாமை கெட்டவரு இல்ல. யோசிச்சாரு. அப்புறம் தீர்ப்பு சொன்னாரு. "இந்தச் சாவடிச் சுவர்ல மூணு தடவ வரைஞ்சுக்க. வரைஞ்சு ஏழு நாளு இருக்கணும். எட்டாம் நாள் காலையில நான் வந்து பாப்பேன். பாத்ததும் அது என்னன்னு எனக்குத் தெரியணும். மூணுல ஒண்ணாவது தெரிஞ்சா, நீ எத வேணும்னாலும் பாரு, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு. தெரியலன்னா தூரிகைய அடுப்புல போட்டுட்டு, இனிமே ஊரு மாதிரி ஒரு சிமிட்டலோட நிறுத்திக்கணும்." தூங்கிட்டியா?

"ம்ஹூம். ஒரு சிமிட்டல்னா இப்படியா?"

ஆமா, அப்படித்தான். கண்ணு வலிக்கும், போதும். ஆயுசு பூரா அப்படியே பாத்துக்கிட்டு இருன்னா எப்படி இருக்கும் சொல்லு.

முதல் படம், சேவல். சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சுக் காயவச்சு, செங்கல்தூள், மஞ்சள், அவுரி நீலம் எல்லாம் கரைச்சு வரைஞ்சா. கொண்டையத் தூக்கிக்கிட்டு, ஒத்தக் கால ஊனிக்கிட்டு, இப்பக் கூவப் போகுதுங்கற மாதிரி ஒரு சேவல். அந்தக் கழுத்துல கொஞ்சம் திமிர வேற வச்சிருந்தா. திமிர எப்படி வரைவாங்கன்னு கேக்காத, எனக்குத் தெரியாது. ஆனா இருந்துச்சு.

ஊரு வந்துச்சு. ஒருத்தன் வந்து கைநிறைய கம்ப எடுத்துப் போட்டான். கொஞ்ச நேரம் நின்னான். "தின்னல. படம் சரியில்ல"ன்னு போயிட்டான். இன்னொருத்தி விடியக்காலம் நாலு மணிக்கே வந்து காதச் சுவர்ல வச்சுப் பாத்துட்டு, "கூவவும் இல்ல. இத வச்சு எப்படி எந்திரிக்கறது?"ன்னா.

அப்புறம் சொக்கையான்னு ஒரு பெரியவரு. கண்ணு மங்கலு. கிட்டப் போயி, மூக்கு சுவர்ல ஒட்டற அளவுக்கு நின்னு, "எங்கம்மா சேவலு? செவப்பா ஒரு கோடுதான் தெரியுது"ன்னாரு.

"பத்தடி பின்னால போங்க மாமா"ன்னா தையல்நாயகி.

அவரு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டே பின்னால போனாரு. ஒம்பதாவது அடியில எருக்குழி. தொபுக்கடீர்! உள்ள விழுந்துட்டாரு. விழுந்தவரு எந்திரிச்சு, கழுத்து வரைக்கும் எருவோட எட்டிப் பாத்தாரு. "அடேங்கப்பா! சேவலு!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாரு. குழிக்குள்ள இருந்து பாத்தாத்தான் சரியாத் தெரியுதுன்னு ஊரே வரிசையில நின்னு எருக்குழியில எறங்கி எறங்கிப் பாத்துச்சு. பத்தடி தள்ளி இந்தப் பக்கம் நின்னாலும் அதே மாதிரிதான் தெரியும்னு அவ சொன்னா. யாரு கேக்கறாங்க?

அப்போ ஒருத்தன் சண்டைக்கு வந்தான். "சேவல் வால்ல எதுக்கு நீலம் அடிச்சிருக்க? சேவல் வாலு கருப்பு!"

"போயி ஒரு சேவல வெயில்ல பிடிச்சுப் பாருங்கண்ணே"ன்னா.

ஊரே சேவல் பிடிக்கப் போச்சு. கொக்கரக்கோ, பட பட பட, புழுதி! பிடிச்சு வெயில்ல வாலப் பிரிச்சுப் பாத்தா, நீலமா மின்னுது. எல்லாரு முகமும் செத்துப் போச்சு. அப்புறம் என்ன சொன்னாங்க தெரியுமா? "பாத்தியா, இவ வரைஞ்சு வச்சதுல நம்ம ஊரு சேவலுக்கெல்லாம் வால்ல நீலம் வந்துடுச்சு! நேத்து வரைக்கும் இல்ல!"

"லூசு."

லூசுன்னு சொல்லாத. நீயும் நானும் மட்டும் என்ன, யாராச்சும் காட்டுற வரைக்கும் எத்தனையப் பாக்காம விட்டிருக்கோம்.

சரி, சேவலு ஊருக்குப் பிடிச்சுப் போச்சு. அதுதான் வினையே. பிடிச்சுதுன்னா அந்த ஊர்ல என்ன செய்வாங்க?

"பொட்டு!"

டப்! எருக்குழியில இருந்து எந்திரிச்சு வந்த சொக்கையா முதல் பொட்டு. அவரு மருமக ஒண்ணு. டப். டப். டப் டப் டப். கொண்டையில, கண்ணுல, கழுத்துல. ஏழு நாளும் வச்சாங்க. தையல்நாயகி குறுக்க விழுந்து தடுத்தா. "ஏன் இப்படிக் கெடுக்கறீங்க? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

அவங்களுக்குக் கோவம் வந்துடுச்சு. "கெடுக்கறோமா? காப்பாத்திக்கிட்டு இருக்கோம்டி!"

எட்டாம் நாள் நாட்டாமை வந்தாரு. டபக்குன்னு பாத்தாரு. "இது என்ன?"

"சேவல்ங்க."

"கரிச்சட்டி மாதிரி இருக்கு. ஒண்ணு போச்சு."

அப்புறம் அவ யோசிச்சா. அழகா இருக்கறதால பொட்டு வைக்கறாங்க. அப்போ அசிங்கமா வரைஞ்சா? புது வீட்டுல திருஷ்டி பொம்மை தொங்க விடுவாங்களே, பல்லும் நாக்குமா, அதுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? அதுவே திருஷ்டிக்குத்தான! சரி, ரெண்டாவது படம் அரக்கன்.

பழையபடி சுண்ணாம்பு அடிச்சா. அரக்கன எப்படி வரையறது, யாரப் பாத்து வரையறது? அந்தச் சமயம் பாத்து அவளுக்குப் பல்வலி. கன்னம் இந்தா பெருசு வீங்கிப் போச்சு. கண்ணாடியில தன் மூஞ்சியவே பாத்து வரைஞ்சா. ஒரு பக்கம் ஊதுன கன்னம், பிதுங்குன கண்ணு, கோணுன வாயி, முறம் மாதிரி காது, மூக்குல ஒரு மரு, மருவுல மூணே மூணு முடி. ஐயோ, கண்றாவி!

முதல் நாளு பிரமாதம். புள்ளைங்க வீல் வீல்னு கத்துச்சு. நாயெல்லாம் லொள் லொள்னு கொலைச்சுது. கடக்கறவங்க காறித் துப்பிட்டுப் போனாங்க. தையல்நாயகிக்கு அவ்வளவு சந்தோஷம். யாருக்காச்சும் தன் படத்து மேல துப்பறதப் பாத்துச் சந்தோஷம் வந்திருக்குமா? அவளுக்கு வந்துச்சு. ரெண்டாம் நாளும் ஒரு பொட்டு இல்ல. மூணாம் நாளும் இல்ல.

நாலாம் நாள் சொக்கையா வந்து, இந்தத் தடவை தானாவே பத்தடி தள்ளி நின்னு பாத்தாரு. "அந்த மருவுல மூணு முடி போட்டிருக்கா பாரு. அதுல ஒண்ணு மட்டும் நரைச்சிருக்கு. அடடா, எவ்வளவு அசிங்கமா இருக்கு... எவ்வளவு அழகா அசிங்கமா இருக்கு!" கிழவன் கை இடுப்புக்குப் போகுது. டப்.

அஞ்சாம் நாள் காந்திமதிக் கிழவி வந்தா. நாட்டாமையோட அம்மா. வந்தவ அரக்கன டபக்குன்னு பாத்தா. அப்புறம் திரும்பவே இல்ல. முந்தானைய வாயில வச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. "எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கே! இதே கன்னம், இதே வாயி. வெத்தலைய ஒரு பக்கமா ஒதுக்கிக்கிட்டு, கோவமா இருக்கற மாதிரியே உக்காந்திருப்பாரு. போயி இருபது வருஷமாச்சு." அழுதுக்கிட்டே அரக்கன் கன்னத்தத் தடவிக் கொடுத்தா. தடவிக் கொடுத்துட்டு, பெரிய பொட்டா ஒண்ணு. டப். பல்வலிக்காரி மூஞ்சியில எங்கிருந்து அந்தப் புருஷன் வந்தான்? வரைஞ்சவளுக்கே தெரியாது.

கிழவி அழுததக் கேட்டு ஊரே வந்துடுச்சு. பாத்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கொருத்தரு தெரிஞ்சாங்க. மாமனாரு, கணக்குவாத்தியாரு, ஒருத்தனுக்குக் கொழுந்தியா. அவன் மட்டும் வெளிய சொல்லல. டப் டப் டப் டப். ரெண்டே நாளுல அரக்கன் மறைஞ்சே போயிட்டான்.

எட்டாம் நாள் நாட்டாமை வந்தாரு. டபக். "இது?"

"அரக்கன்ங்க."

"இதுவும் கரிச்சட்டிதான். ரெண்டு போச்சு."

ம்... எங்க, சத்தத்தக் காணோம்?

"ம்."

அப்புறம் தையல்நாயகி ரெண்டு நாளு ஒண்ணும் வரையல. சோறும் தின்னல. மூணாவதும் போச்சுன்னா தூரிகை அடுப்புல, கண்ணு சிமிட்டல்ல. சாவடிக்கு எதிர்ல ஒரு கல்லுல உக்காந்து பொட்டு வச்ச சுவரப் பாத்துக்கிட்டே இருந்தா. கோவமாத்தான் பாத்தா. ஆனா பாக்கற பழக்கம் இருக்கே, அது கோவத்துக்கெல்லாம் நிக்காது. பாக்கப் பாக்க ஒண்ணொண்ணா தெரிய ஆரம்பிச்சுது. இது காந்திமதிக் கிழவி பொட்டு, கட்டை விரலு, குண்டா இருக்கு. இது சொக்கையா பொட்டு, கை நடுங்கி வால் மாதிரி இழுத்திருக்கு. இதெல்லாம் பொடிசுங்க பொட்டு, கடுகு கடுகா. இது யாரோ அவசரத்துல வச்சது, பாதிதான் இருக்கு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. அட, இவங்களும் வரையறாங்கய்யா! எங்க வைக்கறதுன்னுதான் தெரியல.

சடார்னு எந்திரிச்சா. சுண்ணாம்பு அடிச்சா. மூணாவது படம் வரைஞ்சா.

குளம் வரைஞ்சா. குளத்துத் தண்ணியில மத்தியான வெயிலு. கரையில கோரைப்புல்லு, மேல வானம். வானத்துல ஒரு கொக்கு, ஒத்தக் கால்ல நிக்குது. ஆனா நடுவுல மட்டும் ஒண்ணும் வரையல. பெருசா, கோணல்மாணலா, வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு.

சொக்கையா வந்து பத்தடி தள்ளி நின்னாரு. "ஏம்மா, கொக்கு எது மேல நிக்குது?"

"நீங்கதான் சொல்லணும் மாமா."

"ஒண்ணும் இல்லையே! அந்தரத்துல நிக்குது! விழுந்துடுமே!"

அந்தச் சேதி ஊரெல்லாம் பரவிடுச்சு. ஐயோ, சாவடியில ஒரு கொக்கு விழப் போகுது, ஐயோ, பாவம் கொக்குன்னு. ஒருத்தி வீட்டுல இருந்து தலைகாணி கொண்டாந்து சுவருக்குக் கீழ போட்டா. ஒருத்தன் வைக்கோல் பரப்பினான். "வெள்ளையா விட்டது மறந்துட்டியா, சுண்ணாம்பு மிச்சமாயிடுச்சா?"ன்னு கேட்டான் ஒருத்தன். அவ சிரிச்சுக்கிட்டே இருந்தா.

ஆனா கொக்கு அழகு. என்ன அழகுன்னா, கழுத்த இப்படி மடக்கி வச்சிருக்கும்ல, அந்த மடிப்புல ஒரு சோம்பேறித்தனம். காந்திமதிக் கிழவிக்குத் தாங்கல. டப்பாவத் தொறந்துட்டா. விரலு கொக்கு முகத்துக்குக் கிட்டப் போகுது, தையல்நாயகி லபக்குன்னு கையப் பிடிச்சுக்கிட்டா.

"ஆத்தா, கொழந்தைக்குப் பொட்டு எங்க வைப்பீங்க?"

"கன்னத்துல."

"கண்ணு மேல வைப்பீங்களா?"

"ஏன்டி, எனக்கென்ன கிறுக்கா?"

"அப்போ இந்தப் படத்துக்கும் கன்னத்துல வைங்க. கொக்குதான் இதுக்குக் கண்ணு."

கிழவி முழிச்சா. "படத்துக்குக் கன்னம் எதுடி?"

தையல்நாயகி அந்த வெள்ளை எடத்தக் காட்டினா. "இந்தா. உங்களுக்குன்னுதான் விட்டு வச்சிருக்கேன்."

படத்துக்குக் கன்னம் உண்டா இல்லையான்னு ஊரு கூடி அரை நாளு பேசிச்சு. பூசாரி இல்லைன்னாரு. நாவிதரு, "இத்தனை வருஷமா கன்னத்துலதான் என் பொழப்பு, அது கன்னம்தான்"ன்னு அடிச்சுச் சொல்லிட்டாரு. அப்புறம் பொட்டு வைக்கற அளவுக்கு அழகா ஒண்ணு இருந்தா அதுக்குக் கன்னம்னு ஒண்ணு இருந்துதான ஆகணும்னு முடிவாச்சு.

டப். கிழவி வச்சா. டப் டப். கன்னத்துல மட்டும். கொக்கு மேல ஒண்ணு இல்ல, தண்ணி மேல ஒண்ணு இல்ல. கட்டை விரல் பொட்டு, நடுங்குன பொட்டு, கடுகுப் பொட்டு, பாதிப் பொட்டு. ஒரு நாளு, ரெண்டு நாளு, மூணு நாளு. டபக்குன்னு பாக்கறாங்க, டப்புன்னு வைக்கறாங்க, திரும்பிப் போயிடறாங்க. தான் வச்ச பொட்டு மட்டும்தான் அவங்கவங்களுக்குத் தெரியும். மொத்தமா என்ன ஆகுதுன்னு ஒருத்தரும் பாக்கல. தையல்நாயகி மட்டும் எதிர்க் கல்லுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. இப்படி ஒண்ணு அவ தனியா வரைஞ்சிருந்தா வந்திருக்காது.

எட்டாம் நாள் விடிஞ்சுது. ஊரே வந்துடுச்சு. நாட்டாமை வந்தாரு, கடைசித் தடவைங்கறதால தலைப்பா எல்லாம் கட்டிக்கிட்டு. டபக்குன்னு பாத்தாரு. திரும்பினாரு. "இது என்ன?"ன்னு கேக்க வாயத் தொறந்தாரு. ஆனா கேக்கல. மறுபடியும் திரும்பிப் பாத்தாரு.

அந்த ஊர்ல ஒரு பொருள ரெண்டாவது தடவ பாத்த முதல் நாட்டாமை அவருதான்.

பாத்தா, குளத்துல பாதி உடம்பு முங்கிக்கிட்டு, கன்னங்கரேர்னு, மொழு மொழுன்னு, வெயில்ல முதுகு மின்ன... என்னது சொல்லு?

"...எருமை."

எருமை! அது முதுகு மேலதான் அந்தக் கொக்கு நிக்குது. ஊரு வச்ச அத்தனை பொட்டும் சேந்து ஒரு எருமை ஆயிடுச்சு. அந்தக் கருப்புல ஒரே ஒரு எடத்துல மட்டும் வெள்ளை பாக்கி இருந்துச்சு, ஒரு பொட்டு வச்சாலும் சுத்தி வெள்ளை மிஞ்சற அளவுக்கு. டபக்குன்னு பாத்துட்டுப் போனவங்க யாரு கண்ணுலயும் அது படல. நாட்டாமை கண்ணுல பட்டுச்சு. என்ன நினைச்சாரோ, மை டப்பாவத் தொறந்தாரு. விரல்ல தொட்டாரு. கைய நீட்டி அந்த வெள்ளைக்கு நடுவுல மெதுவா, டப்.

எருமைக்குக் கண்ணு வந்துடுச்சு.

வந்த கண்ணு நேரா நாட்டாமையப் பாத்துச்சு. அவரு நீட்டுன கையக் கூடக் கீழ போடல. இத்தனை வருஷத்துல அவர யாரும் ஒரு சிமிட்டலுக்கு மேல பாத்ததில்ல, பெத்த அம்மா கூட. இது பாத்துச்சு. பொறாமையா இல்ல, பயந்துக்கிட்டு இல்ல, எதுவும் கேக்கல. எருமை பாக்கற மாதிரி, சும்மா பாத்துச்சு. கண்ண எடுக்காமப் பத்தடி பின்னால போயி நின்னு அவரும் பாத்தாரு. நாயி கூடக் கொலைக்கல.

வெயிலு ஏறிச்சு. நாட்டாமை நகரல. அவரு சம்சாரம் வந்து, "ஏங்க, கூழு ஆறிப் போகுதுங்க"ன்னாங்க. காதுல விழல. மத்தியானம் ஆச்சு. "ஏங்க, சோறும் ஆறிப் போகுதுங்க." ம்ஹூம்.

தையல்நாயகி அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. தெரிஞ்சுதா தெரியலையான்னு இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாரே! போச்சு, மூணும் போச்சுன்னே முடிவு பண்ணிட்டா. கண்ணத் தொடைச்சுக்கிட்டா. தூரிகைய ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு, அவருக்கு எதிர்ல வந்து, சுவர ஒட்டி நின்னா. "ஐயா, இந்தாங்க. நீங்களே அடுப்புல போட்டுடுங்க."

நாட்டாமை தூரிகையப் பாக்கல. அவளையும் பாக்கல. இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாரு, அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாரு. அப்புறம் கோவமா ஒரு அதட்டு அதட்டினாரு.

"மறைக்காத தாயி, தள்ளி நில்லு!"

தையல்நாயகி தள்ளி நின்னா. பத்தடி பின்னால போயி, அவரு பக்கத்துலயே நின்னுக்கிட்டு, தூரிகைய இடுப்புல சொருகிக்கிட்டு, அவளும் பாத்தா.

பவளம்... ஏ பவளம்?

அவ்வளவுதான் கதை. எருமை முழிச்சுக்கிட்டு இருக்கு, எல்லாத்தையும் அது பாத்துக்கும். நீ கண்ண மூடிக்க.